ஒளியும் ஒலியும் தடைப்படுவது ஏன்?



விஞ்ஞானம் நம் இல்லத்துக்குள் கொண்டுவந்து சேர்த்த வசதிகளுள், வீட்டுக் கணிப்பொறியில் பாடம் கேட்பது இன்று புதுமையன்று. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் கொரோனா நோய்த்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்குப் பள்ளிக் கதவு மீண்டும் திறந்தது 2021 நவம்பர் முதல் நாளில்தான். இடைப்பட்ட காலத்தில், 2019இல் தொடங்கப்பெற்றிருந்த கல்வித் தொலைக்காட்சியும், அதன் பாடங்களைத் தாங்கி நின்ற யூடியூபும், ஆசிரியைகள் நடத்திய இணையவழி வகுப்புகளுமே நமக்கு வகுப்பறையாயின. பள்ளிகள் திறந்த பின்னும் அப்பழக்கம் நம்மை விட்டு அகலவில்லை. தேர்வு நெருங்குகையில் விளங்காத கணக்கை மாலையில் மீண்டும் ஒரு முறை கேட்போர் நம்முள் பலர்.

ஆனால் பாடம் சூடு பிடிக்கும் வேளையில் திரையின் நடுவே ஒரு வட்டம் தோன்றிச் சுற்றத் தொடங்குகிறது. ஆசிரியையின் வாய் அசைகிறது; குரல் வரவில்லை. அல்லது குரல் வருகிறது. முகம் கட்டம் கட்டமாகச் சிதறி நிற்கிறது. "நெட் சரியில்லை" என்று சொல்லி மூடி வைத்துவிடுகிறோம். சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கங்களில் பெற்றோர் காலையிலேயே பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆலைக்கும் சென்றுவிடும் வீடுகள் ஏராளம். பட்டாசு ஆலைக்குள் கைபேசி கொண்டு செல்லலாகாது என்பது பாதுகாப்பு விதி. வீட்டில் தனித்திருக்கும் மாணவி யாரை அழைத்துக் கேட்பாள்? அன்றைய பாடம் போயிற்று. அதன்மேல் எழும் மறுநாள் பாடமும் விளங்காமற் போகிறது. பழுது பார்க்கும் கடைக்கு எடுத்துச் சென்றாலோ, ஒரு வாரக் கூலி கரைந்துவிடும். இவற்றுள் பலவும் ஐந்து நிமிடத்தில் வீட்டிலேயே கண்டறியக்கூடிய குறைகள் என்பது, மேனிலை வகுப்பில் கணினி அறிவியல் பயிலும் நாங்கள் படித்தும், தோழியர் வீடுகளில் முயன்று பார்த்தும் கண்ட உண்மை. அதையே இங்கு எழுதுகிறோம்.

எங்கள் அன்னையர் இந்தத் தலைப்பைக் கண்டதும் புன்னகை பூப்பர் என எண்ணுகிறோம். அவர்கள் காலத்தில் தூர்தர்ஷனில் 'ஒளியும் ஒலியும்' பார்க்கத் தெருவே ஒரு வீட்டில் கூடுமாம். மொட்டை மாடியில் ஒருவர் ஆன்டெனாவைத் திருப்ப, கீழிருந்து மற்றொருவர் "தெரியுது, தெரியுது... ஐயோ, போச்சு!" என்று குரல் கொடுப்பாராம். 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்ற அட்டை தோன்றினால் ஊரே காத்திருக்கும். ஏனெனில் ஒரே கோபுரம் எல்லா வீட்டுக்கும் ஒரே அலையை அனுப்பியது. அங்கே பழுதானால் எல்லோருக்கும் பழுது. இணையம் அப்படிப்பட்டதன்று. படத்தையும் ஒலியையும் ஆயிரமாயிரம் சிறு பொட்டலங்களாகக் கட்டி, ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியே அனுப்புகிறது. ஆகவே அடுத்த வீட்டில் பாடம் தடையின்றி ஓட, நம் வீட்டில் மட்டும் நின்றுபோக இடமுண்டு. அனுப்பும் நிலையம், வழி, வீட்டுக்குள் இருக்கும் கம்பியில்லா இணைப்பு, கணிப்பொறி என நான்கு கண்ணிகள் கொண்ட சங்கிலி இது. எந்தக் கண்ணி அறுந்தது என்று அறிவதே முதல் வேலை.

அதற்கு முன் ஒரு செய்தியை விளங்கிக்கொள்ள வேண்டும். முறை வைத்துக் குழாயில் தண்ணீர் விடும் ஊர்களில் வாழும் நமக்கு இது எளிதாகவே விளங்கும். குழாயில் நீர் வரும்போது தொட்டியை நிரப்பிக்கொள்கிறோம். நின்ற பிறகு தொட்டியிலிருந்து மொண்டு செலவழிக்கிறோம். கணிப்பொறியும் அவ்வாறே செய்கிறது. பதிவு செய்த பாடம் ஒன்றை ஓடவிட்டால், நாம் காணும் இடத்துக்கு அப்பாலுள்ள சில பல வினாடிகளுக்கான படத்தை முன்கூட்டியே வாங்கி நினைவகத்தில் சேர்த்து வைக்கிறது. இத்தொட்டிக்கு 'பஃபர்' என்று பெயர். வழியில் சிறிது தடங்கல் நேர்ந்தாலும் தொட்டி நீரால் காலம் தள்ளலாம். வரத்தைவிடச் செலவு மிகுந்து தொட்டி வறண்டுபோகும் கணத்தில்தான் அந்த வட்டம் சுற்றுகிறது. அது சுற்றும்போது பக்கத்தைத் திரும்பத் திரும்பப் புதுப்பிப்பவர் உண்டு. பாதி நிறைந்த குடத்தைக் கவிழ்த்துவிட்டு மறுபடி குழாயடியில் நிற்பதற்கு அது சமம்.

நேரலை வகுப்பின் நிலை வேறு. ஆசிரியை கேட்கும் வினாவுக்கு உடனே விடை சொல்ல வேண்டுமாதலால் அங்கே தொட்டி கிடையாது; ஒரு தம்ளர் அளவே உண்டு. ஒருவர் குரல் மற்றவரை 150 மில்லிவினாடிக்குள், அதாவது ஒரு வினாடியில் ஏழில் ஒரு பங்கு நேரத்துக்குள் சேர்ந்தால் உரையாடல் இயல்பாக இருக்கும் என்பது தொலைத்தொடர்பு வல்லுநர் கணக்கு. பொட்டலம் ஒன்று தவறினால், பதிவுப் பாடத்தில் கணிப்பொறி அதை மீண்டும் கேட்டு வாங்கிக்கொள்ளும். நேரலையில் அதற்கு நேரமேது? விட்ட இடத்தை விட்டுவிட்டு மேலே செல்லும். குரல் உடைந்து, இயந்திர மனிதன் பேசுவதுபோல் கேட்பது இதனால்தான். எனவே யூடியூப் பாடம் நன்றாக ஓடுகிறது, நேரலை வகுப்பு மட்டும் தடுமாறுகிறது என்றால் வியப்பில்லை. வேகம் போதுமானதாக இருந்தும் இணைப்பு சீராக இல்லை என்பது அதன் பொருள்.

முகம் கட்டம் கட்டமாகச் சிதறுவதற்கும் காரணம் உண்டு. நம் சிவகாசியில் அச்சாகும் நாட்காட்டிப் படத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கினால், நான்கு நிறப் புள்ளிகளின் கூட்டமாகத் தோன்றும். திரைப்படமும் புள்ளிகளே. 720 எனக் குறிக்கப்படும் தரத்தில் ஒரு படத்துக்கு 1280 பெருக்கல் 720, அதாவது 9,21,600 புள்ளிகள். வினாடிக்கு 25 படங்கள் வீதம் எல்லாப் புள்ளியையும் அப்படியே அனுப்புவதானால் வினாடிக்கு 550 மெகாபிட்டுக்கு மேல் வேண்டும். ஆனால் யூடியூப் இத்தரத்துக்குக் கேட்பது 2.5 மெகாபிட் வேகமே. எப்படி? கரும்பலகை அசைவதில்லை, ஆசிரியையின் கை மட்டும் அசைகிறது. மாறிய பகுதியை மட்டும் சுருக்கி அனுப்பினால் போதுமன்றோ! ஒரு முழுப் படம், அதன்பின் மாற்றங்கள், பிறகு மீண்டும் ஒரு முழுப் படம் என இது நடைபெறுகிறது. இடையில் ஒரு மாற்றம் தவறிவிட்டால், அடுத்த முழுப் படம் வரும்வரை கை ஓரிடத்திலும் சுண்ணக்கட்டி வேறிடத்திலுமாகக் காட்சி சிதைந்து நிற்கும்.

இனி, குறையைக் கண்டறியும் முறைக்கு வருவோம். ஒரே சமயத்தில் பலவற்றை மாற்றக் கூடாது. ஒன்றை மாற்றி, விளைவைப் பார்த்து, பிறகு அடுத்ததை மாற்ற வேண்டும். ஆய்வுக்கூடத்தில் நமக்குக் கற்பிக்கப்படும் அதே ஒழுங்குதான். முதலில் வேறொரு தளத்தில் வேறொரு காட்சியை ஓடவிடுங்கள். அது நன்றாக ஓடினால் பழுது அனுப்பும் இடத்தில். நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை, காத்திருக்கலாம். அதுவும் நின்றால், அதே இணைப்பில் ஒரு கைபேசியில் பாருங்கள். கைபேசியில் ஓடி, கணிப்பொறியில் மட்டும் ஓடவில்லையென்றால் வழி பெரும்பாலும் நன்றாயிருக்கிறது. ஐயம் கணிப்பொறி மேல் விழுகிறது. அதை உறுதிசெய்ய, முன்பே கணிப்பொறியில் சேமித்து வைத்த படம் ஒன்றை இணைப்பைத் துண்டித்துவிட்டு ஓடவிட வேண்டும். இணையமே இல்லாதபோதும் அது திக்கித் திக்கி ஓடினால் கணிப்பொறியின் குறையே என ஐயமற முடிவு செய்யலாம்.

யூடியூபில் இதைவிட எளிய வழி ஒன்று மறைந்திருக்கிறது. ஓடும் படத்தின்மீது மவுசின் வலப் பொத்தானை அழுத்தினால் தோன்றும் பட்டியலின் அடியில் 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்றொரு வரி இருக்கும். அதைத் தொட்டால் ஒரு சிறு கட்டம் திறக்கும். எழுத்துகளைக் கண்டு மிரள வேண்டாம்; இரண்டே வரிகள் நமக்குப் போதும். 'பஃபர் ஹெல்த்' என்பது தொட்டியில் எத்தனை வினாடிக்கான படம் இருப்பில் உள்ளது எனக் காட்டும். 'டிராப்டு ஃப்ரேம்ஸ்' என்பது வந்து சேர்ந்தும் கணிப்பொறியால் காட்ட இயலாமல் கைவிட்ட படங்களின் எண்ணிக்கை. தொட்டி எண் இறங்கி இறங்கிப் பூச்சியத்தைத் தொட்டபோது படம் நின்றால் வழிக் குறை. தொட்டி நிறைந்திருக்க, கைவிட்ட படங்கள் மட்டும் விறுவிறுவென ஏறினால் கணிப்பொறிக் குறை. இந்தக் கட்டத்தைப் பார்க்கத் தெரிந்துகொள்வது, எங்கள் கருத்தில், பத்துப் பேரிடம் யோசனை கேட்பதைவிட மேலானது.

வழிக் குறையென்று தெரிந்தால் கணக்குப் போட வேண்டும். 360 தரத்துக்கு 0.7 மெகாபிட், 720க்கு 2.5, 1080க்கு 5 மெகாபிட் வேகம் வினாடிதோறும் வேண்டும் என்பது யூடியூபின் பரிந்துரை. எட்டு பிட் கொண்டது ஒரு பைட். அவ்வாறாயின் ஒரு மணி நேரப் பாடத்துக்கு 360 தரத்தில் 315 மெகாபைட்டும், 1080 தரத்தில் 2,250 மெகாபைட்டும் செலவாகும். அப்பாவின் கைபேசியில் நாளொன்றுக்கு 1.5 ஜி.பி. எனக் கொள்வோம். உயர் தரத்தில் 40 நிமிடத்தில் அது தீர்ந்துவிடும். 360 தரத்திலோ நாலே முக்கால் மணி நேரம் வரும். தீர்ந்த பிறகு இணைப்பு அறுவதில்லை. பல திட்டங்களில் வேகம் 64 கிலோபிட்டாக இறங்குகிறது. அது 360 தரத்துக்குத் தேவையானதில் பதினொன்றில் ஒரு பங்கு. சிக்னல் கோடுகள் முழுதாக நிற்க, படம் மட்டும் அசையாமலிருக்கும் மர்மம் இதுவே. ஆகவே தரத்தைத் தானியங்கியாக விடாமல், பற்சக்கரக் குறியைத் தொட்டு 360 என நாமே அமைப்பது நலம். கரும்பலகை எழுத்தும் அதில் பெரும்பாலும் படிக்கக் கிடைக்கும்.

நேரலை வகுப்பானால் நம் கேமராவை அணைத்துவிடலாம். பிறர் முகங்களையும் மறைக்கலாம். குரல் மட்டும் வர மணிக்கு 30 மெகாபைட் போதும். படமின்றிப் பாடம் ஓரளவு நடக்கும், குரலின்றி நடவாது. எதைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் ஐயமே வேண்டாம்.

கைபேசியின் இணைப்பைக் கணிப்பொறிக்குப் பகிர்வோர் இன்னொன்றும் செய்ய வேண்டும். நாம் பாடம் பார்த்துக்கொண்டிருக்க, விண்டோஸ் தன் புதுப்பிப்புகளைச் சத்தமின்றி இறக்கிக்கொண்டிருக்கும். வைஃபை அமைப்பில் 'மீட்டர்டு கனெக்‌ஷன்' என்பதை இயக்கிவிட்டால் அது அடங்கும்.

வீட்டில் ஃபைபர் இணைப்பு இருந்தும் படம் நிற்கிறதா? ரவுட்டர் எங்கே இருக்கிறது எனப் பாருங்கள். நாங்கள் பார்த்த வீடுகளில் அது இரும்பு பீரோவின் மேல் சுவரோடு ஒட்டியும், டிவிக்குப் பின்னாலும், ஒரு வீட்டில் எவர்சில்வர் பாத்திர அலமாரிக்குள்ளும் இருந்தது. உலோகம் வானொலி அலையைத் தடுத்துத் திருப்பிவிடும். திறந்த இடத்தில், தலை உயரத்துக்கு மேல், படிக்கும் அறைக்கு அருகில் வைப்பதே முறை. ரவுட்டரிலிருந்து ஒரு லேன் வயரைக் கணிப்பொறியில் நேரே செருகிப் பார்த்தால் ஐயம் தீரும். வயரில் நன்றாக ஓடினால் குறை நம் வீட்டுக் காற்றிலே இருக்கிறது, வெளியே இல்லை. இணையத்தில் ஃபாஸ்ட்.காம் என்ற பக்கத்தைத் திறந்தால் வேகம் எண்ணாகத் தெரியும். 2 மெகாபிட்டுக்குக் குறைந்த இணைப்பைப் பிராட்பேண்ட் என்று அழைக்கலாகாது என மத்திய அரசு 2023 ஜனவரியில் வரையறுத்துள்ளது.

இப்போது கணிப்பொறியின் குறைகள். 2011ஆம் ஆண்டு தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பயின்ற அக்காமார் பலர் மடிக்கணினி பெற்றனர். அக்கா கல்லூரி முடித்து மணமாகிச் சென்ற பின், அது தங்கையின் மேசைக்கு வந்திருக்கும். அதைப் பழையதென்று ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் அதன் வயதை மதித்து நடத்த வேண்டும். இன்றைய காட்சிகள் புதிய முறைகளில் சுருக்கப்படுகின்றன. அவற்றை விரிக்கும் தனிச் சில்லு பழைய கணிப்பொறிகளில் இல்லை. எல்லாச் சுமையும் மையச் செயலகத்தின் தலையில் விழுகிறது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் என்ற மூன்று பொத்தான்களை ஒருசேர அழுத்தினால் சுமை எத்தனை விழுக்காடு என்று காணலாம். நூற்றை நெருங்கினால் மற்ற பக்கங்களை மூடி, தரத்தைக் குறைத்தாலே மூச்சு வாங்குவது நிற்கும்.

வெப்பமும் ஒரு பகை. கரிசல் மண் புழுதி காற்றாடியில் படிந்து காற்று வழியை அடைத்துவிடும். போதாக்குறைக்கு, மடிக்கணினியைத் தலையணைமேல் வைத்துப் படிப்பது நம் வழக்கம். சூடேறினால் செயலகம் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடிப் பிறகு தடுமாறும் கணிப்பொறிக்கு இது முக்கிய அடையாளம். அணைத்து, மின்கலத்தைக் கழற்றி, மெல்லிய தூரிகையால் காற்றுத் துளைகளைத் துடைத்துவிட்டு, மரப் பலகைமேல் வைத்துப் பாருங்கள்.

விண்டோஸ் 7க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த பாதுகாப்பு 2020 ஜனவரியில் நின்றது. 2023 பிப்ரவரிக்குப் பின் குரோம் உலாவியின் புதிய பதிப்புகளும் அதற்கு வருவதில்லை. பழைய மின்பாடங்கள் பலவற்றுக்கு ஆதாரமாயிருந்த ஃபிளாஷ் பிளேயர் 2020 டிசம்பர் 31உடன் விடைபெற்றது. எனவே "படம் பார்க்க ஃபிளாஷை இறக்குக" என்று இன்று ஏதேனும் ஒரு பக்கம் கேட்டால் அது வஞ்சனையே. அதைத் தொடாதீர்கள். "நாங்கள் சரிசெய்து தருகிறோம், இந்தச் செயலியை ஏற்றுங்கள்" என்று தொலைபேசியில் அழைப்போரையும் நம்ப வேண்டாம்; அச்செயலி வழியே நம் திரையும் வங்கிக் கணக்கும் அவர்கள் கைக்குப் போய்விடும். ஏமாந்து பணம் போய்விட்டால் அக்கணமே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

பழைய மேசைக் கணிப்பொறி எந்தப் பக்கத்தையும் திறக்க மறுத்து, "இணைப்பு பாதுகாப்பானதன்று" என்று எச்சரித்தால் உடனே கடிகாரத்தைப் பாருங்கள். உள்ளே இருக்கும் பொத்தான் மின்கலம் தீர்ந்திருந்தால் தேதி பல ஆண்டுகள் பின்னே போயிருக்கும். தளங்களின் அடையாளச் சான்றுகளுக்குக் காலவரை உண்டாதலால், கணிப்பொறி அவற்றைச் செல்லாதவை எனக் கருதி மறுக்கிறது. தேதியைத் திருத்தி, அந்தச் சிறு மின்கலத்தை மாற்றினால் தீர்ந்தது.

ஒலிக் குறைகளுக்குப் பெரும்பாலும் அற்பக் காரணங்களே. ஒலி எந்தக் கருவிக்குப் போகிறது என்பதை முதலில் நோக்க வேண்டும். நேற்று இணைத்த புளூடூத் காதணிக்கருவி பக்கத்து அறையில் உயிரோடிருந்தால் ஆசிரியையின் குரல் அங்கேதான் ஒலித்துக்கொண்டிருக்கும்! பணிப்பட்டையிலுள்ள ஒலிபெருக்கிக் குறியைத் தொட்டுச் சரியான கருவியைத் தெரிந்தெடுக்க வேண்டும். தானே ஓடத் தொடங்கும் படங்களை 2018 முதல் குரோம் ஒலியின்றியே ஓடவிடுகிறது. படத்தின்மீதுள்ள ஒலிக் குறியை ஒரு முறை தொட்டால் குரல் வரும். நேரலையில் எதிரொலி கேட்டால், ஒரே அறையில் இரு கருவிகள் அவ்வகுப்பில் இருக்கக்கூடும்.

வாய் அசைவுக்கும் குரலுக்கும் பொருந்தாமை வந்தால், அதற்குக் காரணம் பல வேளைகளில் புளூடூத். ஒலியைச் சுருக்கி, அனுப்பி, விரிக்க அதற்குச் சிறிது நேரம் பிடிக்கிறது. ஒரு கிலோமீட்டர் தொலைவில் வாணம் வெடிக்கும்போது ஒளியை முதலில் கண்டு, ஏறத்தாழ மூன்று வினாடி கழித்து ஓசையைக் கேட்பதை நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒலி பின்தங்கி வருவது நம் செவிக்குப் பழக்கமாதலால், திரையில் குரல் 125 மில்லிவினாடி பிந்தும்வரை நாம் கவனிப்பதில்லை. முந்தி வந்தாலோ 45 மில்லிவினாடியிலேயே உணர்ந்துவிடுகிறோம் என்று ஒளிபரப்பு வல்லுநர் கண்டுள்ளனர். வயருள்ள காதணியைச் செருகினால் பிணக்கு தீரும்.

இத்தனையும் பார்த்த பின்னும் குறை நீங்கவில்லையெனில் இணைப்பு தந்தவரை அழைக்கலாம். அழைக்குமுன் ஒரு தாளில், எந்த நேரத்தில் நிற்கிறது, வயரில் வேகம் எவ்வளவு, வைஃபையில் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். ஃபைபர் பெட்டியில் எல்.ஓ.எஸ். என்ற எழுத்துகளின் கீழ் ஒரு விளக்கு உண்டு. அது சிவப்பாக எரிந்தால் ஒளி இழை எங்கோ அறுந்தோ மடங்கியோ இருக்கிறது. வீட்டுக்குள் நாம் செய்யக்கூடியது ஏதுமில்லை. "நெட் வரவில்லை, அண்ணே" என்று மட்டும் சொன்னால், "அணைத்துப் போடும்மா" என்ற விடை வரும். "எல்.ஓ.எஸ். சிவப்பாக எரிகிறது, அண்ணே, காலை ஒன்பது மணியிலிருந்து" என்று சொல்லிப் பாருங்கள், இழை ஒட்டும் கருவியோடு வர வேண்டும் என்பது அவருக்கு அப்போதே தெரிந்துவிடும்.